காப்பர்-டி மேல் விழுந்த பழி

பெண்கள் மருத்துவமனையில் கத்தரி, இடுக்கியெல்லாம் கழுவி, ஆவிப்பெட்டியில் வைத்து எடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷம். டாக்டர்கள் பேசுவதில் பாதி காதில் விழும், மீதியை நானே இட்டு நிரப்பிக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் யாருக்குத் தலைவலி வந்தாலும் முதலில் என்னைத்தான் கேட்பார்கள். தங்கையின் கணவர் என்னை 'அரை டாக்டர்' என்றுதான் கேலி செய்வார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, வெட்கம் கெட்டவளுக்கு.

தங்கைக்கு நாற்பத்தாறு வயதில் உதிரப்போக்கு கண்டபடி ஆயிற்று. நாள் கணக்கில்லாமல், கட்டி கட்டியாக. கருத்தடைக்கு அவள் காப்பர்-டி போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

"காப்பர்-டி போட்டா அப்படித்தான்டி போகும். எனக்குப் போகலையா? நிக்கிற வயசு வேற. பொறுத்துக்கோ, முழுசா நின்னதும் எடுத்துடலாம்" என்றேன்.

டாக்டர் அறைக்கும் என் அறைக்கும் நடுவே பத்தடி. போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாததா என்று கேட்கவில்லை.

அவள் பொறுத்தாள். பதினோரு மாதம். ஒருநாள் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். கர்ப்பப்பையில் புற்றுநோய், வெளியேயும் பரவிவிட்டது.

"அந்தக் கம்பிதான் அவளைத் தின்னுடுச்சு!" என்று தங்கையின் கணவர் வராந்தாவிலேயே கத்தினார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அதனால வர்றது இல்லம்மா. சொல்லப்போனா, போட்டுக்கிட்டவங்களுக்கு இது குறைவாத்தான் வருதுன்னு நிறைய ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. ஆனா இவங்க விஷயத்துல, ரத்தம் போக ஆரம்பிச்சப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஒரு வழி இருந்திருக்கும்."

அன்றைக்கே தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்து வாயைத் திறந்தேன். அவள் என் கையை அழுத்தினாள்.

"தெரியும்க்கா. அவர் காப்பர்-டியையே திட்டிக்கிட்டு இருக்கட்டும். உன்னைத் திட்ட ஆரம்பிச்சா வீட்டுக்குள்ள விடமாட்டார். அப்புறம் என் பொண்ணுக்கு யாரு இருக்கா?"

அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் மகளின் இரண்டு பிரசவத்துக்கும் நான்தான் உடனிருந்தேன். இரண்டாவதில் அந்தப் பெண் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொரு கர்ப்பத்தை உடம்பு தாங்காது, மாத்திரையும் ஆகாது, காப்பர்-டி போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், தடுப்பூசி போட்டு வரலாம் என்று தாயையும் பிள்ளையையும் எங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன். குழந்தைக்கு ஊசி போட்டு முடித்து, அவளும் டாக்டரிடம் உடம்பைக் காட்ட டோக்கன் வாங்கி பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்தப் பேச்சை மெதுவாக எடுத்தேன்.

"நீங்களா பெரியம்மா இதைச் சொல்றீங்க? எங்கம்மாவைக் கொன்னதை நான் உள்ள வச்சுக்கணுமா?"

"அதனால வரலைடா. டாக்டரே சொன்னார்."

"அப்போ அப்பா இத்தனை வருஷமா சொல்றது பொய்யா? காப்பர்-டி இல்லைன்னா வேற என்ன?"

என் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் இந்த மடி எனக்கு மிஞ்சும். ஆனால் இவள் அடுத்த வருஷமே வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றால்? தங்கையைத்தான் பறிகொடுத்தேன், இவளையுமா?

"நோய் தானா வந்ததுடா. ரத்தம் போகுதுன்னு உங்கம்மா முதல்ல எங்கிட்டதான் சொன்னா. காப்பர்-டி போட்டா அப்படித்தான், பொறுத்துக்கோன்னு நான்தான் சொன்னேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகல."

அவள் என்னையே பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

"பதினோரு மாசம்."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். குனிந்து குழந்தையை எடுத்தாள். அது தூக்கத்தில் என் முந்தானையைப் பிடித்திருந்தது. ஒவ்வொரு விரலாக விலக்கிவிட்டு, எதிர் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். குழந்தையை நான் வைத்திருக்கிறேன் என்று கை நீட்டினேன். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு, டாக்டர் அறைக்குள் போனாள்.