காலத்துக்கு எந்தக் குறி

...சாக்பீஸ் தூளா ரத்தமா, புருவத்திலிருந்து வழிந்து இமையில் தேங்கி நிற்பது எது, தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் வலது கை எஃகு பாட்டிலை விட மறுத்தது, ஒரே வீச்சு போதும், பேராசிரியரின் வழுக்கை மண்டை மண்பானையாய்ப் பிளந்துவிடும்... சீ, என்ன நினைப்பு இது, ஆண்டவனே. அவர் எறிந்த மர டஸ்டர் கரும்பலகை முன் நின்ற அவன் புருவத்தைக் கிழித்துவிட்டு ஒன்றும் அறியாததுபோல் காலடியில் கிடந்தது. "உன் கணக்குல நட்சத்திரம் சுருங்கணும்டா! சுருங்கிச் செத்துக் கருந்துளை ஆகணும். நீ பட்டாசு மாதிரி வெடிக்க விட்டிருக்கே. மூணு வருஷமா ஆராய்ச்சி பண்ணினியா, சோறு தின்னியா? இன்னைக்குக் கணக்கு நிக்கலைன்னா மூட்டையைக் கட்டு." கட்டிக்கொண்டு எங்கே போவது, பிள்ளை டாக்டராகப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் அம்மாவிடமா? ஒரே ஒரு குறி, அது எங்கே புரண்டது என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. இந்தத் துறையில் விண்வெளி ஆராய்கிறவன் ஒருவன், அணுத்துகள் ஆராய்கிறவள் ஒருத்தி, இருவருக்கும் சேர்த்து ஒரு கணக்கு, அதுதான் பயிற்சி. அவள் ஆட்கள் காலத்துக்குக் கூட்டல் போடுவார்கள், இவன் ஆட்கள் கழித்தல். அவள் கொடுத்த வரியைக் குறி மாற்றாமல் அப்படியே ஒட்டிவிட்டான், இழுக்க வேண்டிய ஈர்ப்பு தள்ளிவிட்டது. 'அவ குடுத்ததுதான் சார்' என்று சொல்லிவிட்டால்? தலை தப்பும், அவள் தலை உருளும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, ஐயோ, வந்தேவிட்டது...

"அந்த வரி என்னுது சார். எந்தக் குறின்னு நான்தான் சொல்லாம விட்டுட்டேன்." முன்வரிசையில் அவள் எழுந்து நின்றாள், பைத்தியக்காரி. பேராசிரியர் குனிந்து டஸ்டரை எடுத்தார், அவளை நோக்கிக் கை ஓங்கியது, இவன் பிடியிலிருந்து பாட்டில் உருண்டது, அந்த மணிக்கட்டை எப்போது பிடித்தான்? எவ்வளவு மெல்லிய எலும்பு, சாக்பீஸ் மாதிரி, முறுக்கினால் முறியும், முறுக்கினான், டஸ்டர் விழுந்தது, அவர் முழங்கால் மடங்கியது. "விடுடா... வலிக்குதுடா." வலிக்குமா, இவருக்குமா, அதைக் கேட்கத் தேனாய் இருந்தது, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே முறுக்கு... வலியில் கோணிய அந்த முகம் மிக அருகே வந்தது, கண்ணாடி நழுவியது, புருவத்தின் குறுக்கே வெளுத்துப்போன பழைய தையல் தழும்பு. இவர்மேல் அன்று டஸ்டர் எறிந்தது யார்...? ஈரமாய் ஏதோ நெற்றியில் அழுந்தியது, அவளுடைய கைக்குட்டை. "இதைப் பிடிச்சுக்கோ. கண்ணுல இறங்குது பாரு. ரெண்டு கையாலயும் அவரைப் புடிச்சுட்டிருந்தா எப்படி?" திட்டுகிற குரல்தான், அதில் கோபமில்லை. கைக்குட்டையைப் பிடிக்க ஒரு கையை எடுத்தான், ஒற்றைக் கையால் முறுக்க முடியவில்லை, மற்றதும் தானே தளர்ந்தது.

அவர் நாற்காலியில் சரிந்து மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். யாரையும் பார்க்காமல், "குறியை மாத்திட்டு மறுபடி போடு" என்றார். அவ்வளவுதானா, நாளைக்குத் துரத்துவாரா, தெரியவில்லை. அழிக்கலாமென்று டஸ்டரை எடுத்தான், அவர் விரல்கள் தேய்த்த பள்ளங்களில் இவன் விரல்கள் அளவெடுத்துச் செய்தாற்போல் போய் உட்கார்ந்தன. பலகையில் காலத்தின் முன்னால் ரத்தம் தெறித்த கூட்டல் குறி. மறுபடி திரும்பி அந்தத் தழும்பைப் பார்த்தான்... அன்றைக்கு அவருக்கு ஒரு கைக்குட்டை நீட்ட அந்த அறையில் யாருமே இல்லையா?