மூக்கில் கூடின கனம்

ரிமோட்டில் சின்ன விமானம் பறக்கவிடுகிற எங்கள் குழுவின் செயலாளர் ஒரு பல் டாக்டர். ஊரெல்லாம் அவர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்காருகிறது. அதனாலோ என்னவோ, எதிரில் இருப்பவன் பதில் பேசினால் அவருக்குப் பிடிக்காது. போன மாதம் என் விமானம் இறங்கும்போது துள்ளிப் போய், கார் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. அதற்கு முந்தி ஒரு தடவை வேலியில் விழுந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை எங்க முன்னாடி ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. சரியா வந்தா தனியா ஓட்டலாம். வரலைன்னா இரட்டை ரிமோட்தான்."

இரட்டை ரிமோட் என்றால், என் கையில் ஒன்று, இன்னொருவன் கையில் ஒன்று. நான் தப்புப் பண்ணினால் அவன் அழுத்திப் பிடித்திருக்கிற பொத்தானை விடுவான், விமானம் அவன் கைக்குப் போய்விடும். புதிதாகப் பழக வருகிறவனுக்குச் செய்வது அது. அப்படி ஓட்டுவதைவிட வீட்டில் கிடக்கலாம். என் மனைவியிடம் சொன்னேன். "ஐயோ, வேண்டாம். நீங்க ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா எனக்கு ஞாயித்துக்கிழமையே இல்லாமப் போயிடும்" என்றாள். அவள் திரைச்சீலை தைக்கிறவள். முன்னறையில் தையல் மிஷின் அவளுக்கு, பின்னறையில் மேசை எனக்கு. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு இருப்பதால்தான் இத்தனை வருஷம் ஓடியது.

நான் கார் டிங்கரிங் வேலை செய்தவன். நசுங்கின காரை நிமிர்த்துவது என் தொழில். நசுங்கின காரோடு வந்தவன் எவனும் தப்பு தன்மேல் என்று சொன்னதில்லை. எல்லாருக்கும் சும்மா நின்ற இடத்தில் மரம் வந்து மோதியிருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு, யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவேன். அச்சடித்த காகிதத்துக்கும் அதேதான்.

என் விமானம் குட்டிக்கரணம் போடுகிற ஜாதி. தலைகீழாகவும் ஓட வேண்டும். அதற்கு முக்கியம் கனம் எங்கே உட்காருகிறது என்பது. இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரு விரல் வைத்துத் தூக்கினால், விமானம் முன்னும் சாயாமல் பின்னும் சாயாமல் நிற்க வேண்டும். அந்த இடம்தான் புள்ளி. புள்ளி முன்னால் இருந்தால் மூக்கு கனம். அடங்கி ஓடும், ஆனால் தலைகீழாகப் போட்டால் மூக்கு தரையைப் பார்க்கும், ரிமோட்டின் குச்சியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் தலைகீழும் நேரும் ஒன்றுபோல, கைக்கு லேசாக ஓடும். ஆனால் சட்டென்று துள்ளும். பெட்டியோடு வந்த காகிதம் ஒரு அளவு சொல்கிறது. நான் அதற்கு ஒரு விரல்கடை பின்னால் பென்சிலில் கோடு போட்டு, பேட்டரியை அதற்குத் தக்கபடி தள்ளி வைப்பேன். வருஷக்கணக்காக அப்படித்தான்.

வியாழக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தார். அவரும் குழுவில் இருக்கிறார். நல்லவர்தான் என்று என் மகள் சொல்கிறாள். சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"மாமா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுக்குவேன். சொல்லுங்க."

"மூக்குல கொஞ்சம் கனம் சேர்த்துப் பாருங்களேன். இறங்கும்போது அடங்கி வரும். இப்ப இருக்கிற புள்ளிக்கு ரொம்ப வேகமான கை வேணும்."

"என் கைக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல மாமா. பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாச் சொல்றதை எல்லாம் பொதுவா வச்சுக்குங்க, மாப்பிள்ளை."

என் மனைவி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் நானே உட்கார்ந்து புள்ளி பார்த்தேன். கோட்டில் விரல் வைத்தேன், நின்றது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நின்றது. பேட்டரி இருந்த இடத்தில் கோடு கிழித்துவிட்டு, சார்ஜ் போட எடுத்தேன். விமானத்தை மேசையில் விட்டுவிட்டு முடிவெட்டப் போனேன்.

ஞாயிறு காலை மைதானத்தில் பேட்டரியை அந்தக் கோட்டுக்குத் தள்ளிக் கட்டினேன். மறுபடி விரல் வைத்துப் பார்க்கவில்லை. அடுத்தவன் செய்தது என்றால் பார்த்திருப்பேன்.

டாக்டர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஓடுபாதையில் இரண்டு கொடி நட்டிருந்தார்கள். அதற்கு நடுவில் இறக்க வேண்டும். மாப்பிள்ளை எனக்குப் பின்னால் நின்றார்.

கிளம்பும்போது வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் ஓடித்தான் எழும்பியது. புல் ஈரம் என்று நினைத்தேன். ஒரு வட்டம் போட்டு மேலே இழுத்துக் குட்டிக்கரணம் அடித்தேன். கனத்துப் போய் வந்தது. காற்று என்று நினைத்தேன். பிறகு தலைகீழாகத் திருப்பினேன். மூக்கு கீழே போக ஆரம்பித்தது. குச்சியை அழுத்தினேன், பத்தவில்லை, இன்னும் அழுத்தினேன். கட்டைவிரல் வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டு பாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோனேன். இதற்குப் புல்லையும் காற்றையும் சொல்ல முடியாது. என் விமானத்தில் எவனோ கை வைத்திருக்கிறான்.

நேராக்கி, வட்டம் சுற்றி, இறக்கினேன். கொடிகளுக்கு நடுவில், கோழி அடைக்கு உட்காருவதுபோல வந்து உட்கார்ந்தது. துள்ளவே இல்லை. டாக்டர் எழுந்துவிட்டார்.

"அருமை! இதுக்குப் போய் இவ்வளவு முறைச்சுக்கிட்டீங்களே. தனியாவே ஓட்டுங்க."

மாப்பிள்ளையைப் பார்த்தேன்.

"என்ன போட்டீங்க உள்ள?"

"என்ன மாமா?"

"மூக்குல என்ன போட்டீங்க? சொன்னா கேக்கலைன்னு திருட்டுத்தனமா வச்சிட்டீங்க, இல்ல? நேத்து நான் முடிவெட்டப் போன நேரத்துல வந்தீங்களா?" கோபத்திலும் 'நீங்க' மட்டும் போகவில்லை.

"நான் உங்க வீட்டுப் பக்கமே வரலை. சத்தியமா."

"சத்தியம் எல்லாம் வேண்டாம். சத்தியம் பண்ணின கார்க்காரனை எல்லாம் நான் பார்த்தாச்சு."

சுற்றி நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். நான் மேல்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, இருட்டில் கையை விட்டேன். மோட்டாருக்குப் பின்னால் பலகையோடு ஒட்டி ஏதோ இருந்தது. வரவில்லை, கட்டியிருந்தது. பிளேடால் நூலை அறுத்து வெளியே எடுத்தேன்.

கறுப்புத் துணியில் ஒரு சின்னப் பை. உள்ளே உருண்டை உருண்டையாக ஈயக் குண்டு. திரைச்சீலை காற்றில் பறக்காமல் இருக்க அடிமடிப்பில் வைத்துத் தைப்பார்களே, அது. பையைச் சுற்றி நெருக்கமாகத் தையல். நாலு மூலையிலும் ஆடாமல் இருக்க நூல் கண்ணி. குட்டிக்கரணம் போட்டும் இம்மி நகரவில்லை.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "அத்தை தையல்" என்றார்.

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினேன். வாங்கிக் குடித்தார். எங்களுக்குள் அவ்வளவுதான்.

டாக்டர் பையைக் கையில் வைத்து ஆட்டிப் பார்த்தார். "வீட்டம்மா வேலையா? நல்ல வேலை. அப்படியே வச்சு மூடுங்க."

"இல்ல. இன்னொரு தடவை ஓட்டணும்."

"எதுக்கு? அதான் சரியா வந்துடுச்சே."

"அது நான் வச்ச புள்ளி இல்ல."

"மாமா, விடுங்க" என்றார் மாப்பிள்ளை.

விடவில்லை. பை இல்லாமல், வேறு பேட்டரி மாட்டி, இந்த முறை விரல் வைத்துப் பார்த்து, என் கோட்டிலேயே நிறுத்திக் கிளப்பினேன். தலைகீழாகப் போட்டேன். குச்சியைத் தொடவே வேண்டியதில்லை, கயிறு கட்டி இழுத்ததுபோல நேராகப் போனது. அப்படி ஓட்டிப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். வேறொருவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இறங்கும்போது சரியாகத்தான் வந்தது. தரைக்குப் பக்கத்தில் குச்சியை லேசாக இழுத்தேன். மூக்கு மேலே துள்ளியது. விட்டேன், கீழே குத்தியது. மறுபடி இழுத்தேன். என் விரல் ஒன்றைச் சொல்வதற்குள் விமானம் இன்னொன்றைச் செய்து முடித்துவிட்டது. இடது இறக்கை சாய்ந்து தரையில் உரசி, கொடியைத் தாண்டிப் போய் நின்றது. சக்கரம் ஒன்று தனியாகக் கழன்று ஓடியது.

புல் ஈரம் இல்லை, காற்றும் இல்லை. விமானத்தில் கை வைத்தவன் நான் ஒருத்தன்தான்.

டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார். "இப்ப எதை எடுத்துக்கறது? மொதல்ல ஓட்டினதா, ரெண்டாவதா?"

இரண்டாவது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் புள்ளி, என் கை, அதுதான் நேர்மை. ஆனால் இரண்டாவது என்றால் இரட்டை ரிமோட். வேறொருத்தன் கட்டைவிரலை நம்பி நிற்க வேண்டும். அதற்கு அந்தப் பை பரவாயில்லை.

"மொதல்ல ஓட்டினது" என்றேன்.

"அப்ப அந்தக் கனத்தோடதான் ஓட்டணும்."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு அடுத்த வாரம் கழட்டிட மாட்டீங்களே?"

"வந்து விரல் வச்சுப் பாருங்க. யார் வேண்டாம்னது?"

சக்கரத்தை மாப்பிள்ளை பொறுக்கிக்கொண்டு வந்தார். பையை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் அவள் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

"என்ன ஆச்சு?"

"தனியா ஓட்டலாம்னுட்டாங்க."

அப்போதுதான் நிமிர்ந்து என் கையில் இருந்த விமானத்தைப் பார்த்தாள். "சக்கரம் ஏன் உடைஞ்சது?"

"அது ரெண்டாவது தடவை."

"ரெண்டாவது தடவை எதுக்குப் போனீங்க?"

பையை எடுத்து மிஷின் மேல் வைத்தேன். அறுந்த நூல் தொங்கிக்கொண்டிருந்தது. கத்துவேன் என்று அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா வச்சிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

"கண்ணி அறுந்து போச்சு. மறுபடி தைக்கணும்."

"அதே கனமா, குறைக்கணுமா?"

"ரெண்டு குண்டு குறைச்சுப் பாக்கணும். தலைகீழாப் போட்டா கட்டைவிரல் வலிக்குது. அப்பவும் அடங்கி இறங்குதான்னு பாக்கணும். டாக்டர்கிட்டயும் காட்டணும்."

அவள் பையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கத் தையலைப் பிரித்தாள். அந்தப் பக்கத்தை மறுபடி மூடித் தைக்கவில்லை. நாடா ஒன்று வைத்து, இழுத்தால் திறக்கிற மாதிரி முடிச்சுப் போட்டு நீட்டினாள்.

"கூட்டுறதோ குறைக்கிறதோ, இனிமே சொல்லிட்டுச் செய்யலாம். நீங்களும், நானும்."

வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். இறக்கையின் பழைய கோட்டை ரப்பரால் அழித்துவிட்டு, இரண்டு குண்டைக் குறைத்துப் பையைக் கட்டி, விரல் வைத்துத் தூக்கினேன். நிற்கவில்லை. விரலைக் கொஞ்சம் முன்னால் வைத்தேன். மூக்கு ஆடியது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.