பதினான்காம் எண் பஸ்ஸின் பின் கதவு

நாலாவது போல்ட் மட்டும் ஏற மறுத்தது. கார்லிஸ் ஏசியின் வெளிப்பெட்டியை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு ஸ்பேனரை மறுபடி அழுத்தினாள். அப்பா வெண்டல் அந்தப் பக்கம் பெட்டியைத் தாங்கிப் பிடித்திருந்தார். அரிசோனாவின் ஜூன் மாத வெயில் காலையிலேயே முதுகைச் சுட்டது. பஸ்ஸின் மஞ்சள் தகரத்தில் கை பட்டுவிடாமல் இருவரும் ஒதுங்கி ஒதுங்கி வேலை செய்தார்கள்.

"கொஞ்சம் தூக்குங்கப்பா. உங்க பக்கம் இறங்கியிருக்கு."

"தூக்கித்தான் பிடிச்சிருக்கேன்."

"இன்னும்."

அவர் தூக்கினார். போல்ட் ஏறியது. வண்டி ஓடும்போது அதிர்ந்து கழன்றுவிடக் கூடாது என்று மரையில் பசை விட்டுத்தான் நான்கையும் அவள் முறுக்கியிருந்தாள். இந்த பஸ் இனி எங்கேயும் ஓடப்போவதில்லை என்பது, கையில் ஸ்பேனர் இருந்தவரை, அவளுக்குத் தோன்றவே இல்லை.

இருவரும் இரண்டடி தள்ளி நின்று பார்த்தார்கள். பெட்டி பஸ்ஸின் பின் கதவுக்குக் குறுக்கே கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கதவின் சிவப்புக் கைப்பிடி மட்டும் பெட்டிக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"அவ ஒத்துக்க மாட்டா," என்றார் வெண்டல்.

"அம்மாவுக்குத் தெரியப்போறதில்லப்பா."

வெண்டல் தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

உள்ளே படுத்திருந்த அம்மா ட்வைலா இருபத்தாறு வருஷம் இதே பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவள். பதினான்காம் எண் பஸ். பள்ளிக்கூடம் அதைக் கழித்து ஏலம் விட்டபோது, வேறு யாரையும் தொட விடாமல் தானே எடுத்துக்கொண்டாள். சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு அடுப்பும் அலமாரியும் கட்டிலும் வைத்து இருவரும் அதை வீடாக்கினார்கள். பஸ்ஸை வீடாக்கும் எல்லாரும் பின் கதவை மறந்துவிட்டு அதற்குக் குறுக்கே அகலக் கட்டில் ஒன்றைப் போட்டுவிடுவார்கள். ட்வைலா போடவில்லை. பின் கதவு அவசர வழி, அதன் முன்னால் ஒரு செருப்புகூடக் கிடக்கக் கூடாது என்பது அவள் சட்டம். இரண்டு பக்கமும் இரண்டு ஒல்லிக் கட்டில், நடுவில் கதவுவரை வெறும் தரை. "முப்பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணின பெறகு உங்கம்மா எனக்கும் அவளுக்கும் நடுவுல ரோடு போட்டுட்டா," என்று வெண்டல் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கதவைத் திறந்தால் ஒரு மணி கரகரவென்று அடிக்கும். பள்ளி பஸ்ஸில் அது கட்டாயம். சாவி போடாவிட்டாலும் அடிக்கட்டும் என்று அதற்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து வைத்திருந்தாள் ட்வைலா. ஓய்வு பெற்ற பிறகும் தினமும் காலையில் கதவைத் திறப்பாள், மணி அடிக்கும், சாத்துவாள். அதற்குப் பிறகுதான் காபி. சாயங்காலமானால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து கடைசிவரை நடந்து, இரண்டு பக்கமும் குனிந்து பார்ப்பாள். தூங்கிப்போன பிள்ளை எதுவும் சீட்டில் கிடக்கிறதா என்று பார்க்கும் பழக்கம். சீட்டே இல்லாத பஸ்ஸில் என்னத்தைத் தேடுகிறாள் என்று கார்லிஸ் ஒருமுறை கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறாள்.

பழைய கூரை ஏசி ஏப்ரலில் உயிரைவிட்டது. அதற்கு முன்பிருந்தே வெண்டல் ஸ்பிளிட் ஏசி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார். முக்கால் டன்னா, ஒரு டன்னா? இங்கே வரும் முப்பது ஆம்பியர் கரண்டில் அது தாங்குமா? தகர வீட்டுக்கு முக்கால் டன் போதுமா? குளிர்காலம் முழுக்க ஆராய்ச்சி நடந்தது. ட்வைலா சொன்னது இரண்டே விஷயம். சத்தம் போடக் கூடாது. பின் கதவுப் பக்கம் போகக் கூடாது. வெளிப்பெட்டியை பஸ்ஸின் வயிற்றுக்கு அடியில் தொங்கவிடலாம், ஆனால் பக்கத் தகரத்தை வெட்டி, கூண்டு வெல்டிங் பண்ண வேண்டும். வெல்டிங்காரன் திங்கள்கிழமைதான் வருவேன் என்றான்.

திங்கள்கிழமைவரை நேரம் இல்லை. கடைசிக்காலத்தைக் கவனிக்க வரும் நர்ஸ் நேற்றுக் கட்டில் பக்கம் இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். தொண்ணூற்றேழு டிகிரி ஃபாரன்ஹீட். "நாளைக்கு மத்தியானமும் இப்படியே இருந்தா என்னால இங்க விட்டுவைக்க முடியாது. டவுன்ல இருக்கற இல்லத்துக்குத்தான் மாத்தணும்," என்றாள். கெட்ட மனசு இல்லை அவளுக்கு, விதியைச் சொன்னாள். ட்வைலாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. அவள் கார்லிஸின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என் பஸ்ஸ விட்டு இறக்கிறாதடி," என்றாள். அம்மா யாரிடமும் எதையும் வேண்டும் என்று கேட்டுப் பழக்கப்பட்டவள் இல்லை. கார்லிஸ் உடனே டவுனுக்குப் போய் ஒரு டன் பெட்டியை வாங்கி வந்தாள்.

பக்கத்து வண்டிவீட்டு இக்னாசியோ துளை போடும் மெஷினோடு வந்தார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"வெண்டல் ஏசி தேடின நேரத்துல நான் ரெண்டு பொண்டாட்டி தேடிக் கட்டிட்டேன்."

"ரெண்டும் நிக்கலையே," என்றார் வெண்டல்.

"ஏசி மட்டும் நிக்குமாக்கும். ஏம்மா, கதவுக்கு முன்னாடியா வச்சுட்ட?"

"வேற எடமில்ல அங்கிள். துளையப் போடுங்க."

கதவுக்குப் பக்கத்துத் தகரத்தில் துளை விழுந்தது. உள்பெட்டியைக் கதவுக்கு மேலே பலகையில் மாட்டினார்கள். கேஸ் அடைத்தே வரும் செம்புக்குழாய், திருகினால் போதும். தேவைக்கு மேல் நீளமாக இருந்ததை வெட்டக் கூடாது என்பதால் சுருட்டிப் பின்னால் கட்டினாள் கார்லிஸ். தண்ணீர் வெளியே வடிய, உள்பெட்டியை ஒரு பக்கம் நூலளவு சாய்த்தாள். இதையெல்லாம் அவள் கைகள் செய்தன. மனது எங்கேயும் இல்லை. துல்சாவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கிளம்பி வந்த நாளிலிருந்தே அப்படித்தான் இருந்தது. ஒரு தடவைகூட அழுகை வரவில்லை, அது தன் குறையோ என்று நினைத்தாள்.

மெஷின் சத்தத்தில் ட்வைலா கண் திறந்திருந்தாள். மார்ஃபின் சொட்டுக்குப் பிறகு அவள் பேச்சு தூரத்திலிருந்து வருவது போல இருந்தது.

"என்னடி ஓட்ட போடறீங்க?"

"ஏசிம்மா. இப்ப குளிர்ந்துரும்."

"அப்பா ஒருவழியா முடிவு பண்ணிட்டாரா?"

"நான் பண்ணிட்டேன்."

"அதானே பாத்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. "பின் கதவு?"

கார்லிஸ் அப்பாவைப் பார்க்கவில்லை. "என்னம்மா?"

"தெறக்குதா?"

"தெறக்கும்மா."

வெண்டல் தரையில் கிடந்த தகரத்தூளைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். அள்ளி முடித்த பிறகும் அங்கேயே குந்தியிருந்தார்.

பதினோரு மணிக்கு ஏசி ஓடத் தொடங்கியது. சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று இக்னாசியோ இரண்டு முறை கையை நீட்டிப் பார்த்தார். கரண்ட் தாங்க வேண்டும் என்று வெந்நீர்ப் பாய்லரை நிறுத்தி, ஃப்ரிட்ஜையும் நிறுத்தினார்கள். வெப்பமானி இறங்கியது, ரொம்ப மெதுவாக. நர்ஸ் வந்தபோது எழுபத்தொன்பதில் நின்றது. அவள் அதைப் பார்த்தாள், ட்வைலாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், "இருக்கட்டும், இங்கயே இருக்கட்டும்," என்றாள். வெளியே வந்து கார்லிஸிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "இன்னிக்கே முடிஞ்சிரலாம்," என்றாள்.

ட்வைலா இரண்டு மணி வாக்கில் மறுபடி பேசினாள்.

"குளிருது."

வெளியே நூற்றுப்பதினான்கு டிகிரி. அம்மாவுக்குக் குளிர்கிறது என்பதைக் கேட்டு கார்லிஸுக்கு சந்தோஷமாக இருந்தது. பல நாட்களில் அவள் பட்ட ஒரே சந்தோஷம் அதுதான். அலமாரியின் அடியிலிருந்து கம்பளியை இழுத்து கழுத்துவரை போர்த்திவிட்டாள். வெண்டல் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து, நடுவில் இருந்த தரையைத் தாண்டிக் கையை நீட்டி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கை எட்டுவதற்கு அவர் விளிம்புக்கு நகர வேண்டியிருந்தது.

நாலு மணிக்கு மூச்சு நின்றது. நின்றது என்பது தெரியவே கொஞ்ச நேரமானது. மேலே உள்பெட்டியின் காற்றைத் திருப்பும் இதழ் ஒருமுறை ஏறி இறங்கியது, கம்பளியின் ஓரம் அசைந்தது, அதை மூச்சு என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் திரும்ப வந்து இறந்த நேரத்தை எழுதிக்கொண்டு போனாள். பிறகு சவ அடக்க நிலையத்திலிருந்து வேன் வந்தது. இரண்டு பேர். மூத்தவர் கறுப்பு டை கட்டியிருந்தார், சட்டை முழுக்க நனைந்திருந்தது. அவர் முன் படியில் ஏறிப் பார்த்தார், இறங்கினார், மறுபடி ஏறிப் பார்த்தார்.

"ஸ்ட்ரெச்சர் இங்க திரும்பாதுங்க. படி செங்குத்தா இருக்கு, டிரைவர் சீட்டு வேற இடிக்குது. ஒண்ணு பண்ணலாம். நாற்காலியில உக்கார வச்சு, பெல்ட் போட்டு, அப்படியே நிமித்தி இறக்கிடறோம். நிறைய வீட்ல அப்படித்தான் செய்யறோம்."

"வேண்டாம்," என்றார் வெண்டல். "படுத்தபடியே போகட்டும்."

"வேற வழி இல்லைங்களே."

"பின் கதவு இருக்கு."

மூத்தவர் பஸ்ஸைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, காலணியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். வெண்டல் மகளைப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்திருக்கலாம், நான் சொன்னேனே என்று கத்தியிருக்கலாம், அதுவே தேவலை என்று கார்லிஸுக்கு இருந்தது. அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

முதல் போல்ட் அசையவில்லை. வெயிலில் பசை நன்றாக இறுகியிருந்தது. அவள் ஸ்பேனரின் மேல் காலை வைத்து மிதித்தாள். இக்னாசியோ ஒரு நீளக் குழாயைக் கொண்டுவந்து பிடிக்குச் சொருகினார்.

"பசை போட்டியா?"

"போட்டேன்."

"நாலுக்குமா?"

"நாலுக்கும்."

அவர் போய் கேஸ் டார்ச்சை எடுத்து வந்து ஒவ்வொரு போல்ட்டாகச் சுட்டார். பசை உருகிப் புகைந்தது. வேன்காரர்கள் வேனின் நிழலில் நின்று தண்ணீர் குடித்தார்கள். பெட்டியின் விசிறி கார்லிஸின் முகத்தில் அனலை ஊதிக்கொண்டே இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.

"இத அணைச்சிட்டுக் கழட்டேம்மா," என்றார் இக்னாசியோ.

ஜன்னல் வழியாக வெண்டலின் குரல் வந்தது. "அணைக்காதீங்க. அவளுக்குச் சூடாயிடும்."

இருவரும் ஓடுகிற பெட்டியையே கழற்றினார்கள். நாலாவது போல்ட் இப்போதும் கடைசிவரை அடம்பிடித்தது. சுருட்டிக் கட்டிய செம்புக்குழாயை அவிழ்த்துவிட்டதும் நீளம் போதுமானதாக இருந்தது. பெட்டியைத் தூக்கி, பக்கவாட்டில் இக்னாசியோ போட்டுவைத்த இரண்டு பழைய டயர்களின் மேல் உட்கார வைத்தார்கள். அங்கேயும் அது ஓடிக்கொண்டிருந்தது.

கார்லிஸ் சிவப்புக் கைப்பிடியைத் திருப்பி இழுத்தாள். கதவு திறந்தது. மணி அடித்தது.

இளையவன் திடுக்கிட்டான். "என்னங்க சத்தம் இது?"

"கதவு தெறந்திருக்குன்னு சொல்லுது," என்றாள் கார்லிஸ்.

"நிறுத்த முடியாதா?"

"கதவச் சாத்தினா நிக்கும்."

மணி அடிக்க அடிக்கத்தான் ட்வைலாவை இறக்கினார்கள். நடுவில் விட்ட தரையில் ஸ்ட்ரெச்சர் எந்தப் பக்கமும் இடிக்காமல் நேராக வந்தது. தலைமாட்டை வெண்டல் உள்ளேயிருந்து தாங்கிக் கொடுத்தார், கால்மாட்டைக் கார்லிஸ் வெளியே வாங்கினாள். கம்பளி இன்னும் சில்லென்று இருந்தது. அதை எடுக்கட்டுமா என்று மூத்தவர் கேட்டார். அப்பாவும் மகளும் ஒரே சமயத்தில் வேண்டாம் என்றார்கள். இக்னாசியோ தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். வேன் சரளைக்கல்லில் மெதுவாக உருண்டு சாலையில் ஏறிப் போனது.

கார்லிஸ் போல்ட்டுகளைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். உள்ளே வெண்டல் முன்பக்கம் போயிருந்தார். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பின்னால் நடந்து வந்தார். அடுப்புப் பக்கம் குனிந்து பார்த்தார், எதிரே அலமாரிப் பக்கம் குனிந்து பார்த்தார். தன் கட்டிலைப் பார்த்தார், மற்றக் கட்டிலையும் குனிந்து பார்த்தார். கதவருகே வந்து நின்றார். மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"திங்கக்கெழம வெல்டிங்காரன் வரட்டும்," என்றார். "கீழயே மாட்டிரலாம்."

"சரிப்பா."

அவர் காலை வெளியே தொங்கவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார்.

"கதவச் சாத்துங்கப்பா. குளிரெல்லாம் வெளிய போகுது."

"போகட்டும்," என்றார் வெண்டல்.

கார்லிஸ் அவர் பக்கத்தில் போய் நின்றாள். பஸ்ஸுக்குள்ளிருந்து வந்த குளிர்காற்று அவள் கழுத்தைத் தொட்டுவிட்டு வெயிலுக்குள் போனது. டயர்களின் மேல் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது.