மயில்சாமிக்கு வயது பதின்மூன்று

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது மயில்சாமிக்கு வயது நாற்பத்தேழு. பத்து ஐந்துக்கு அது பதின்மூன்று ஆகிவிட்டது.

எல்லாம் அந்த லாஞ்சர் செய்த வேலை. காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை நேரே திறக்க முடியாதாம். முதலில் லாஞ்சர் என்ற ஒன்றைத் திறக்க வேண்டுமாம். அது தன் பங்குக்கு இன்னொரு லாஞ்சரைத் திறக்கும். இரண்டும் தனித்தனியாகப் பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்தால், 'நீங்கள் ரோபோ இல்லையே?' என்று சந்தேகப்பட்டு, படங்களில் பஸ் எங்கே என்று காட்டச் சொல்லும். கடன்காரனைக்கூட யாரும் இப்படி வாசலில் நிற்க வைத்ததில்லை. போன மூன்று ஞாயிறும் இதிலேயே போய்விட, கூட விளையாடும் நஞ்சுண்டனுக்குக் கடுப்பாகிவிட்டது. கோயம்புத்தூரில் மயில்சாமியுடன் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவன். இப்போது கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் ஓடும் லிவர்மோரில் இருக்கிறான்.

"டேய், உங்க ஊர் டைம் பதினொரு மணிக்குள்ள வரலீன்னா உன் இடத்துல சாய்ராமைச் சேத்துக்குவோம், பாத்துக்க" என்று சொல்லிவிட்டான்.

மயில்சாமிக்கு விளையாட்டு பெரிதில்லை. ஆபீசில் வெள்ளைக்காரர்களுக்கு அவர் சாம். குடியிருக்கும் காப்பெல் ஊர் முழுக்கத் தேடினாலும் அவரை 'டேய்' என்று கூப்பிட ஓர் ஆள் கிடையாது. அப்படிக் கூப்பிடும் அந்த ஒரே இடமும் போய்விட்டால் என்ன செய்வது என்று அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

இன்றைக்கு ஒருவழியாக எல்லாம் தாண்டியாயிற்று என்று நிமிர்ந்தபோது திரையில் வந்தது: 'உங்கள் வயது 13. பெற்றோர் அனுமதி தேவை. பெற்றோர் பெயர்: தென்றல்.'

தென்றல் அவருடைய மகள். நான்கு வருஷத்துக்கு முன்னால், "கண்ணு, அந்த அக்கவுன்ட்டெல்லாம் நீயே போட்டு விட்ரு" என்று சோம்பேறித்தனமாக அவளிடம் தள்ளிவிட்டிருந்தார். ஒன்பது வயதுக்குத் தனி அக்கவுன்ட் கிடையாது என்று லாஞ்சர் சொல்லியிருக்கிறது. அவள் சளைக்காமல் அப்பாவின் பிறந்த தேதியைத் தனக்கும், தன்னுடையதை அப்பாவுக்கும் போட்டுவிட்டாள். இத்தனை நாள் கண்டுகொள்ளாத லாஞ்சர் இன்றைக்குத்தான் விழித்துக்கொண்டிருக்கிறது.

வாலிபால் பிராக்டிஸில் இருந்தவளை ஃபோனில் பிடித்துக் கெஞ்சினார். முப்பது நிமிஷத்துக்கு அனுமதி வந்தது. உடனே லாஞ்சர், 'அப்டேட் ஆகிறது, நாற்பது நிமிஷம் காத்திருக்கவும்' என்றது. அனுமதி நேரமோ அந்த நொடியிலிருந்தே ஓட ஆரம்பித்திருந்தது.

மறுபடி கூப்பிட்டார்.

"அப்பா, ஐ செட் தர்ட்டி."

"ஒரு மணி நேரமாக் குடு கண்ணு."

"டிட் யூ க்ளீன் த கராஜ்?"

"பாதி முடிச்சுட்டேன்."

"தென் நோ."

"எல்லா ஃப்ரெண்ட்ஸும் விளையாடறாங்க கண்ணு! நான் மட்டுந்தான் இல்ல!"

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"ஓகே. ஒன் அவர். பட் நெக்ஸ்ட் டைம் ஆஸ்க் மீ ஃபர்ஸ்ட்."

"சரிங்க" என்றார் மயில்சாமி, எழுந்து நின்று.