மூக்கு நுனியில் ஒரு பரு

"நேத்து ஒரு நியூட்ரோஃபில் இருக்குன்னு எழுதியிருக்கியே, எங்க, காட்டு."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் வாய்க்குப் பயப்படாத ஒரே ஆள் எங்கள் தலைமை டெக்னீஷியன் மேடம். மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன்.

"இது வேற அணும்மா. பதினஞ்சு வருஷமா எண்ணுறவ தப்பு பண்ற இடமா இது? ஆசை கண்ண மறைக்குது. இனி உன் தங்கச்சி ஸ்லைட நான் பாக்குறேன்."

சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது உண்மை.

தங்கைக்கு ரத்தப் புற்றுநோய். மருந்து கெட்டதோடு நல்லதையும் வாரிக்கொண்டு போய்விட்டது. பத்து நாளாக நியூட்ரோஃபில் என்கிற அந்த வெள்ளை அணு பூஜ்யம். அது திரும்பி வருவதற்குள் அற்பக் கிருமி ஒன்று நுழைந்தாலும் அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

மதியம் கையைத் தேய்த்துக் கழுவி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு அவள் அறைக்குள் போனேன். மகாராணி கண்ணாடியும் கையுமாக உம்மென்று உட்கார்ந்திருந்தாள்.

"முடி போச்சு, புருவம் போச்சு. இப்ப இது வேற. பாருக்கா!"

மூக்கு நுனியில் ஒரு பரு. சுற்றிலும் சிவந்து, நடுவில் துளி மஞ்சள்.

"கிள்ளிடவா?"

"கை வெச்சே, ஒடிச்சிடுவேன்!"

நான் கத்திய கத்தலில் நர்ஸ் ஓடி வந்தாள். டாக்டரைக் கூப்பிடச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன். சீழ்தான். கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடுவது நியூட்ரோஃபில். எந்த ஊர், என்ன பேர் என்று விசாரிக்காது, பார்த்ததும் விழுங்கும், விழுங்கிவிட்டுச் செத்தும் போகும். அப்படிச் செத்ததெல்லாம் சேர்ந்ததுதான் சீழ். அந்த அணு இல்லாத உடம்பில் சீழ் எங்கிருந்து வரும்?

மறுபடியும் ஆசைதான் கண்ணை மறைக்கிறதோ என்று பயம் வந்தது. மேடத்துக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு ஸ்லைடு..."

"இப்பத்தான் பாத்தேன். நியூட்ரோஃபில் நூத்துக்கு ஆறு இருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். போதுமா?"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தங்கை கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"மூஞ்சி என்னோடது, நீ ஏன்க்கா அழற?"

"ரொம்ப அழகா இருக்கடி."

பிறந்ததிலிருந்து நான் அவளிடம் அப்படிச் சொன்னதே கிடையாது. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, உண்மையச் சொல்லு. நான் சாகப் போறேனா?"

பத்து நாளாக இதே கேள்வி. பத்து நாளும் அதட்டித்தான் அவள் வாயை அடைத்தேன்.

"இல்லடி," என்றேன்.