இரண்டு தடவை ஊதிய சாப்பாட்டுச் சங்கு

பொன்முடிக்கு ஏறும் வழியில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டுச் சங்கு இரண்டு தடவை ஊதியது. ஊதுவது ஒரு கம்ப்யூட்டர். அதைச் செய்து கொடுத்தவர் கழக்கூட்டத்தில் சின்னக் கம்பெனி நடத்தும் உமாசங்கர். மேனேஜர் ஜெயன் போனில் திட்டியதை ஒரு சொல்லும் சிந்தாமல் அவர் தன் கம்பெனியில் வேலை பார்க்கும் திவ்யலட்சுமியிடம் கொண்டுவந்து கொட்டினார்.

அவளுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் மணி பார்க்க இரண்டு டைமர்கள் உண்டு. ஒன்று பிராசசருக்குள்ளேயே ஓடுவது. கேட்ட உடனே பதில் சொல்லும். ஆனால் அந்தப் பழைய பிராசசருக்குள் கோர் என்று இரண்டு மூளைகள்; ஒவ்வொரு கோரும் தனித்தனியாக எண்ணும், வேலையில்லாத கோர் எண்ணுவதை விட்டுத் தூங்கிவிடும். மற்றது போர்டில் தனியாக இருப்பது. பதில் சொல்லச் சுணங்கும், தூங்காது. முதல் டைமரை, கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸே சந்தேகப்பட்டு ஒதுக்கிவிட்டது. உமாசங்கர் கேட்கவில்லை. 'இது நம்பகமானது' என்று செட்டிங்கில் ஒரு வரி சேர்த்து லினக்ஸின் வாயை அடைத்தார்.

"நாம எழுதி வச்சா அது யோக்கியனாயிடுமா சாரே?" என்று அன்றே கேட்டாள்.

"ஸ்பீடு வேண்டே?" என்றார் அவர். ஒரு சங்கு ஊதுவதற்கு!

அடுத்த நாள் காலை இருவரும் ஜீப்பில் ஏறினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உமாசங்கர் காலைப் பலகாரத்தை ரோட்டோரம் ஒப்படைத்தார். போய்ச் சேர்ந்தபோது அன்றும் சங்கு இரண்டு தடவை ஊதி, தொழிலாளிகள் இரண்டாம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

"சங்கு ஊதுனா சாப்பாடு, அதாக்கும் ஒப்பந்தம்" என்றாள் யூனியன் செயலாளர் எலிசாள். "அது எத்தன மட்டம் ஊதுனா எங்களுக்கென்ன?"

"ட்ரையர்ல தேயில கருகுது, கேட்டோ" என்றார் ஜெயன்.

"மெஷின் நல்ல மெஷினாக்கும். இந்தக் குளிருதான்…" என்று உமாசங்கர் மலையைக் குற்றம் சொன்னார்.

திவ்யா லேப்டாப்பைச் சொருகி இரண்டு கோர்களின் நேரத்தையும் அருகருகே காட்டினாள். "பாருங்கோ சார். இது சாப்பிட்டுக் கையலம்பியாச்சு. அது இன்னும் இலை போடல. புரோகிராம் இங்கேருந்து அங்கே தாவினா மணி பின்னால போகும், சங்கு திரும்ப ஊதும்."

ஜெயன் சிரித்துவிட்டார். உமாசங்கர் மேற்கூரையைப் பார்த்தபடி, "மாத்திக்கோ" என்றார்.

அவள் அந்த வரியை அழித்து, போர்டு டைமருக்கு மாற்றினாள். மறுநாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தங்கினாள். உமாசங்கர் பலகாரம் எதுவும் சாப்பிடாமல் இறங்கிப் போனார்.

மறுநாள் சங்கு ஒரே தடவை ஊதியது. எல்லாரும் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் காது கொடுத்துக் காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை.

"நல்ல மெஷினாட்டு இருந்தது பிள்ளே" என்றாள் எலிசாள். "நீ வந்து கெடுத்துப்போட்டியே!"

பின்னாலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேலையைச் சரியாகச் செய்ததற்காக இத்தனை பேரிடம் ஒரே நேரத்தில் வசவு வாங்கியது திவ்யாவுக்கு இதுவே முதல்முறை. திட்டிக்கொண்டே எலிசாள் தன் பாத்திரத்திலிருந்து மரச்சீனிக் கிழங்குத் துண்டொன்றை எடுத்து நீட்டினாள். திவ்யா வாங்கித் தின்றாள். நன்றாக வெந்திருந்தது.