சாய்கோடு

பெயிண்ட் மொத்தக் கடையில் அவரை ரைட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி ஆயுசு மூட்டையும் டப்பாவும் தூக்கி முதுகு போனபின், மகளின் பாடப் புத்தகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துப் பிடித்த நாற்காலி அது. சேல்ஸ்மேன்கள் கடைகடையாகப் போய், பைக் டாங்கின்மேல் தாளை வைத்துக் கிறுக்கி வரும் ஆர்டர்களைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்.

மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் படித்தவன். முதலாளி காலைப் பிடித்து அவனை வேலைக்குச் சேர்த்ததே ரைட்டர்தான். ஒருநாள் ஸ்கேனர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"கையெழுத்தைத் தானாப் படிச்சு ஏத்திடும் மாமா. தப்பாப் படிச்சா நீங்க திருத்துங்க. கண்ணுக்கு ஓய்வு."

"என் பொழப்புல மண்ணப் போட்டுடாத மாப்ளே."

"சொந்த அக்கா புருஷனுக்குப் போடுவேனா? போங்க மாமா."

முதலில் அது, பெயிண்டில் கலக்கும் தின்னரைத் 'தின்னு' என்று படித்தது. "முதலாளி வளர்ப்பு போல" என்றான் ஒரு லோடுமேன். ரைட்டர் சிரித்துக்கொண்டே திருத்தினார். திருத்தத் திருத்த அது தேறியது.

சாய்கோடு மட்டும் அதற்குப் பிடிபடவில்லை. சரக்குப் பெயருக்கு எதிரே சேல்ஸ்மேன் ஒரு சாய்கோடு இழுத்தால், போன தடவை எடுத்த அதே அளவு என்று அர்த்தம். முதலாளி கூடாதென்று சொன்ன பழக்கம். அதனால் அவர்களும் ரைட்டரும் வெளியே மூச்சு விடவில்லை. மிஷின் அதை ஒன்று என்று படித்தது. வண்டி நிறைய டப்பா கேட்ட கடைக்கு ஒரே டப்பா என்று காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிடும்போது மாப்பிள்ளை கேட்டான். "அந்தக் கோடு என்ன மாமா?"

ரைட்டர் தயங்கினார்.

"நம்ம பையன்தானே, சொல்லுங்களேன்" என்றாள் மனைவி, பரிமாறிக்கொண்டே.

சொன்னார்.

அதற்குப் பிறகு மிஷின் ஒரு கோட்டையும் விடவில்லை. அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "நாளையிலேருந்து கிடங்குக்குப் போயிடுங்க ரைட்டர். லோடு ஏத்த ஆள் பத்தல."

"என் முதுகு தெரியுமே முதலாளி."

"அந்தக் கோடு ஒண்ணு தெரிஞ்சா போதும், மேசைக்கு ஆளே வேண்டாம்னு உங்க மாப்பிள்ளைதான் சொன்னான். வீட்டுல பேசியாச்சுன்னானே?"

ரைட்டர் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் பண்ணலன்னா வேற எவனாச்சும் பண்ணியிருப்பான் மாமா."

"வேற எவனாச்சும் பண்ணியிருந்தா, நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன்" என்றார் ரைட்டர்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கொடியைப் பார்த்தார். மூட்டை தூக்கின காலத்துத் தோள்துண்டு தொங்கியது. இத்தனை வருஷம் பெட்டியின் அடியில் கிடந்தது அது.

"வந்துட்டீங்களா?" என்றாள் மனைவி உள்ளேயிருந்து. வெளியே வரவில்லை.

துண்டைத் தொட்டுப் பார்த்தார். மொடமொடவென்று காய்ந்திருந்தது. கிடங்குக்குப் போவது அவருக்கே சாயங்காலம்தான் தெரியும். துண்டு காலையிலேயே துவைத்துப் போட்டது.